முப்பத்தைந்து என்றால் பாஸ்

ஊனமுற்றோர் நல அலுவலகத்தில் கொடுத்த படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. கண், காது, கை கால், மனவளர்ச்சி, தொழுநோயிலிருந்து குணமானவர். என் பேத்திக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். மதுரையில் ஒரு மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. அதில் ஆட்டிசம் என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்கு ஐந்தில் ஒன்றிலும் இடமில்லை.

சீட்டை வாங்கிப் பார்த்த கிளார்க் உதவி செய்கிற எண்ணத்தில்தான் பேசினார். "இதுக்குன்னு கட்டம் கெடையாது சார். மனவளர்ச்சியில போடுங்க. இல்லாட்டி காதுல போடுங்க. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குதுன்னுதானே சொல்றீங்க?"

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. நான் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். ஒரே மகளை வடமதுரையில் கட்டிக் கொடுத்திருந்தேன். மருமகனுக்கு அங்கே பெயிண்ட் கடை. பேத்தியின் பள்ளிக்காக மகளும் பேத்தியும் திண்டுக்கல்லில் என் வீட்டில் இருந்தார்கள். மருமகன் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

பேத்திக்கு அப்போது ஆறு வயது முடியப் போகிறது. நாலு வயதிலேயே அவள் எழுத்துக்கூட்டாமல் படித்தாள். பஸ் நிலையத்தில் நின்றால் வத்தலக்குண்டு, எரியோடு, நத்தம் என்று ஒவ்வொரு போர்டையும் சொல்வாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. "உன் பேரு என்ன?" என்று கேட்டால், அதே குரலில், அதே ராகத்தில், "உன் பேரு என்ன" என்று திருப்பிச் சொல்வாள். கையில் எப்போதும் ஒரு நீலப் பிளாஸ்டிக் சீப்பு இருக்கும். அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துப் பற்களைக் கட்டைவிரலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே இருப்பாள். நாற்பத்தாறு பற்கள். முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை போய்த் திரும்புகிற வரைக்கும் அவளை யாரும் தொடக்கூடாது.

கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளியில் எல்கேஜி, யூகேஜி இரண்டும் ஓடிவிட்டன. அங்கே ஒரு டீச்சர் அவளை மடியில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். ஒன்றாம் வகுப்பில் அது நடக்காது. நாற்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். பிப்ரவரி கடைசியில் தலைமையாசிரியையான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்கு முன் நான் வேறு நான்கு பள்ளிகளில் கேட்டுப் பார்த்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. ஒன்றில் பிள்ளையைப் பார்க்காமலே இல்லை என்றார்கள். மூன்றில் பார்த்துவிட்டு இல்லை என்றார்கள்.

சிஸ்டர் கடுமையாகப் பேசவில்லை. அரசாங்கத் திட்டத்தில் சிறப்பாசிரியை ஒருவர் இருக்கிறார், செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் ஊனமுற்றோர் அட்டை உள்ள பிள்ளைக்குத்தான் அவர் வருவார் என்றார்.

"ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்குறப்ப அட்டையோட வாங்க சார். ஒண்ணாம் வகுப்புல பேரை எழுதிக்கிறேன். அட்டை இல்லாம எங்களால அவளைப் பாத்துக்க முடியாது. அவளுக்கும் அது பாவம்."

அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வடமதுரையில் மருமகனுடைய அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பொம்பளைப் பிள்ளை, வீட்டோடு இருக்கட்டும், கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மாதானே கிடக்கிறது என்று. அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். ஜன்னல் ஒன்றுதான். அதுவும் சந்துப் பக்கம்.

ஆகவே படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் காட்டினேன். மனவளர்ச்சி குன்றியவர் என்ற கட்டத்தில் டிக் போடப் போகிறேன் என்றேன். அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"அப்பா, வத்தலக்குண்டுன்னு போர்டு படிக்கிற பிள்ளையை எப்படிப்பா குன்றிப் போனவன்னு எழுதறது?"

அது வெறும் சொல்தான், காரியம் ஆக வேண்டும் என்றேன். உங்களுக்கு எப்பவும் காரியம்தான் என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். டிக் போட்டது நான். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

டாக்டர் பார்த்து ஊனச் சான்றிதழ் கொடுக்கிற முகாம் ஏப்ரல் கடைசி வாரத்தில் என்று தெரிந்தது. இருபத்துமூன்று நாள் இருந்தது. என்னிடம் படித்த ஒருவன் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற பகுதியில் வேலை பார்த்தான். முகாமில் என்ன செய்வார்கள் என்று அவனிடம் விசாரித்தேன். பேர் கேட்பார்கள், வயது கேட்பார்கள், கலர் காட்டிக் கேட்பார்கள், ஒரு மரப்பலகையில் வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பள்ளம் வெட்டியிருக்கும், துண்டுகளை அதனதன் இடத்தில் பொருத்தச் சொல்வார்கள், பட்டன் போடச் சொல்வார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவன் சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஒன்பது இனங்கள் வந்தன. நாகல் நகரில் ஒரு ஆசாரியிடம் பிளைவுட்டில் அதே மாதிரிப் பலகை ஒன்று செய்யச் சொன்னேன். பத்து வடிவம். மணல்தாள் போட்டு வழவழப்பாக்கிக் கொடுத்தார்.

நான் என்ன நினைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உதவி என்பது அதற்குத் தகுதியான பிள்ளைக்குக் கொடுப்பது என்றுதான் முப்பத்தொரு வருடம் பார்த்திருந்தேன். கல்வி உதவித்தொகைக்கு மார்க் வேண்டும். இலவச விடுதிக்கு மார்க் வேண்டும். அரசாங்கம் ஒரு ஆசிரியையை வாரம் இரண்டு நாள் அனுப்புகிறதென்றால், சொன்னால் ஏறிக்கொள்கிற பிள்ளைக்குத்தான் அனுப்பும் என்று நம்பினேன். தேறாத பிள்ளைக்கு எதற்கு வாத்தியார் என்று டாக்டர் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் என் பயம். நாற்பது சதவீதம் என்று ஒன்று இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

பேச்சில் சொன்னால் அவளிடம் ஏறாது, எழுத்தில் ஏறும் என்பதை அந்த நாட்களில் கண்டுபிடித்தேன். "உன் பேரு என்ன?" என்று நான் கேட்டதும், அவள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவேன். அவள் படிப்பாள். நாள் போகப் போக அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். பன்னிரண்டாம் நாள் அட்டையைக் காட்டாமலே பேரைச் சொன்னாள். மகள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து கதவு நிலையில் நின்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவை பிள்ளை தன் பேரைச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பலகையில் முதல் நாள் பத்துக்கு மூன்று. கடைசி நாள் பத்துக்குப் பத்து. பட்டன் மட்டும் ஐந்தில் இரண்டுதான் போட்டாள்.

முகாம் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. ஷாமியானா போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அறுபத்துநான்கு பேர். பேத்திக்குப் புதுச் சட்டை போட்டு, இரட்டைச் சடை பின்னி, பவுடர் பூசிக் கூட்டிப் போயிருந்தோம். பக்கத்தில் எரியோட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தி, பத்து வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. நான் வரிசையில் நின்றபடியே பேத்தியிடம் கலர் கேட்டுக்கொண்டிருந்ததை அந்த அம்மா செத்த நேரம் பார்த்தாள்.

"என்ன சார், பரிச்சைக்கா கூட்டியாந்தீக?"

கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். அவள் சிரித்தாள். "எம்மகளுக்கு விடிஞ்சதுல இருந்து ஒரு வாய் கஞ்சி குடுக்கல. போன தடவ வயிறு நெறஞ்சு தூங்கிப்போச்சு. பிள்ள நல்லாத்தானம்மா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாக. அம்புட்டு தூரம் பஸ்ஸேறி வந்தது வீணாப் போச்சு."

எனக்கு அந்த அம்மாவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டு வரிசையில் உட்கார வைத்திருக்கிறாளே என்று. என் மகளின் கையைப் பிடித்து நாலடி தள்ளி நிற்க வைத்தேன். அந்த அம்மா சொன்னதில் எனக்கு வேண்டிய செய்தி முழுவதும் இருந்தது. எனக்கு அது காதில் ஏறவில்லை.

டாக்டர் ஒரு வகுப்பறைக்குள் உட்கார்ந்திருந்தார். நடுவயதுக்காரர். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் களைத்துப் போயிருந்தார். பேர் கேட்டார். பேத்தி சொன்னாள். வயது கேட்டார். சொன்னாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றையும் சொன்னாள். பலகையை வைத்ததும் பத்தையும் பொருத்திவிட்டு, யாரும் கேட்காமலே சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரத்தைக் கடகடவென்று படித்தாள். டாக்டர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"படிக்கிறாளே. யாரு சொல்லிக் குடுத்தது?"

நான்தான் என்று சொல்லிக்கொண்டேன். அது பொய். போர்டு படிக்க அவளுக்கு யாருமே சொல்லித் தரவில்லை என்று முன்பே சொன்னேன். அவள் வீட்டில் எப்படி இருப்பாள், ஏதாவது தொந்தரவு உண்டா என்று டாக்டர் அடுத்துக் கேட்டார். மகள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டு, ஒரு தொந்தரவும் இல்லை டாக்டர், சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்றேன்.

அவர் எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார். வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் நின்று படித்தேன். மனவளர்ச்சி குன்றிய நிலை, பக்கத்தில் சதவீதம் என்ற இடத்தில் முப்பத்தைந்து.

முப்பத்தைந்து. எத்தனையோ வருடம் ரிசல்ட் பேப்பரில் அந்த எண்ணைத் தேடியிருக்கிறேன். முப்பத்துநாலு என்றால் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. முப்பத்தைந்து என்றால் கரை ஏறிவிட்டான் என்று அர்த்தம். மகளிடம் தாளை நீட்டி, "முப்பத்தஞ்சும்மா. பாஸ்" என்றேன். அவளும் வாத்தியார் வீட்டில் வளர்ந்தவள்தானே. அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. மூன்று பேரும் சேமியா ஐஸ் வாங்கிச் சாப்பிட்டோம். பேத்தி சேமியாவை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு ஐஸைச் சாப்பிட்டாள். சாயங்காலம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

ஒரு வாரம் கழித்து, அட்டை வாங்குவதற்காகச் சான்றிதழோடு அதே அலுவலகத்துக்குப் போனேன். மூன்று போட்டோ, மூன்று நகல், எல்லாவற்றிலும் அட்டெஸ்டேஷன். அதே கிளார்க்தான். தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு அட்டை வராதே சார். நாப்பதாவது இருக்கணும்."

நாற்பதா, பாஸ் மார்க் முப்பத்தைந்து இல்லையா என்று கேட்டேன். உண்மையிலேயே அப்படித்தான் கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்த அம்மாள் சிரித்தார். கிளார்க் சிரிக்கவில்லை.

"இது மார்க் இல்ல சார். எம்புட்டுக்கு ஊனம்ங்கிற கணக்கு. கூடக் கூடத்தான் உங்களுக்கு நல்லது. முப்பத்தஞ்சுன்னா பிள்ளை கிட்டத்தட்ட சரியா இருக்குன்னு டாக்டர் எழுதிட்டாரு."

அலுவலகத்துக்கு வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். இருபத்துமூன்று நாள் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் செய்வதற்கு என்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தபோது அவளே சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக்கு எதுவுமில்லைன்னு டாக்டரே எழுதிட்டாரு. பள்ளிக்கூடத்துல முடியாதுங்கிறாங்க. பெறகு எதுக்கு மாமா இங்க? ஜூன்ல ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிர்றேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு வருடமாகத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுபரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் மருத்துவக் குழு முன்னால் இன்னொரு தடவை காட்டலாம் என்று பிறகு தெரிந்தது. எழுதிக் கொடுத்தேன். ஜூன் இரண்டாவது புதன்கிழமை வரச் சொன்னார்கள். பள்ளி அதற்கு முன்பே திறந்துவிடும். சிஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னபோது அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். அந்தப் புதன்கிழமை வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார்.

இந்தத் தடவை டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிள்ளையால் முடியாதவற்றை அவள் சொல்லச் சொல்ல நான் எண் போட்டு எழுதினேன். பசி சொல்லத் தெரியாது. ரோட்டைப் பார்க்காமல் ஓடுவாள். குக்கர் விசில் அடித்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். தலையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டாள், மூன்று பேர் பிடிக்க வேண்டும். தெரியாத ஆள் கையைப் பிடித்தாலும் கூடவே போய்விடுவாள். வெள்ளைச் சோறு தவிர குழம்பு, வெஞ்சனம் எதையும் தொடமாட்டாள். அடிபட்டால் அழமாட்டாள், ரத்தத்தைப் பார்த்துத்தான் நமக்குத் தெரியும். எழுதிக்கொண்டே போனேன். நாற்பத்தொன்று வரை வந்தது. பாதிக்கு மேல் எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்திருக்கிறோம்.

"இதெல்லாம் ஏன் எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கேன்ப்பா. பலகையில ஆறு வச்சா, ஏழு வச்சான்னு நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்க."

அந்த இரண்டு தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை மருத்துவமனை வராந்தாவில் எங்களுக்கு முன்னால் பதினெட்டுப் பேர். புதுச் சட்டை இல்லை, பவுடர் இல்லை. பேத்தி சுவரில் சாய்ந்துகொண்டு சீப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என்று பார்த்து அவ்வளவு அமைதியாக இருந்தாள். போகிற வருகிற நர்ஸுகள் பிள்ளை அழகாக இருக்கிறாள் என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் பேர் கேட்டார். பேரைச் சொன்னாள். நான் சொல்லிக் கொடுத்தது எதையும் அவள் மறக்கவில்லை. உள்ளே போய் மறுபடியும் பத்துக்குப் பத்து வைத்துவிட்டால்?

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது, இன்னொரு நகல் வேண்டும் என்று ஒரு சிப்பந்தி சொன்னார். மகள் ஜெராக்ஸ் எடுக்க வெளியே ஓடினாள். நானும் பேத்தியும்தான் பெஞ்சில். சீப்பு பாதி தூரம் போயிருந்தது. இருபது, இருபத்தொன்று என்று என் மனம் தானாகவே கூட எண்ணிக்கொண்டிருந்தது. இருபத்துமூன்றாவது பல்லில் நான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் உடனே அழவில்லை. கையைக் காதுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு கட்டைவிரலைக் காற்றில் மூன்று நான்கு தடவை அசைத்தாள். பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. வராந்தாவில் எல்லோரும் திரும்பினார்கள். தரையில் விழுந்து மணிக்கட்டைக் கடித்தாள். மகள் ஜெராக்ஸ் தாளோடு ஓடி வந்து, "சீப்பு எங்கப்பா?" என்றாள். எங்கேயோ விழுந்துவிட்டது என்றேன். அவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். யாரும் பலகையை எடுக்கவே இல்லை. பேத்தி மேசையின் ஓரத்தில் நெற்றியை மோதிக்கொண்டாள். மகள் தன் உள்ளங்கையை நடுவில் வைத்துக்கொடுத்தாள். தினமும் இப்படித்தானா என்று ஒரு டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். நாலு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அறுபது சதவீதம். மூன்று வருடத்துக்குச் செல்லும் என்று கீழே எழுதியிருந்தது. பையில் இருந்த இரண்டு தாள்களை யாரும் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் சீப்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அது என் சட்டைப்பையிலிருந்து வருவதை மகள் பார்த்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். மணிக்கட்டில் பல் பதிந்த இடம் சிவந்து வீங்கியிருந்தது.

அட்டை வந்தது. சிஸ்டர் சொன்னபடி ஒன்றாம் வகுப்பில் பெயரை எழுதிக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் சிறப்பாசிரியை வந்தார். இளம் பெண். பெரும்பாலும் வந்தார் என்று சொல்ல வேண்டும், முதல் வருடத்தில் பதினாறு நாட்கள் வரவில்லை. மருமகன் வடமதுரைக்குக் கூட்டிப் போகிற பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமையே வந்துவிட ஆரம்பித்தார். பேத்தி இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று போனாள். கூட்டல் கழித்தல் வந்தது. பக்கத்தில் உட்காருகிற ஒரு பிள்ளையின் பெயரை வீட்டில் வந்து சொன்னாள். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல அந்த ஆசிரியைதான் அவளைப் பழக்கினார். மற்றபடி என்னோடு எப்போதும்போலத்தான் இருந்தாள். சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள், கையைப் பிடித்தால் வருவாள். அந்தப் புதன்கிழமை அவளுக்குள் எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத பிள்ளையிடம்தான் அதைச் செய்தேன்.

மூன்று வருடம் முடிந்து சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. நாலாம் வகுப்பில் சேர்க்க அது வேண்டும். தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, பிள்ளை முன்னைவிட நன்றாக இருக்கிறாள், மறுபடியும் நாற்பதுக்குக் கீழே போட்டுவிட்டால் என்ன செய்வது என்று மகளிடம் தினமும் ஒரு தடவையாவது சொன்னேன். அன்றைக்குக் காலை நான் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பி வந்தேன். மகள் பேத்திக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"நீங்க வீட்ல இருங்கப்பா."

வெயில் இன்னும் ஏறவில்லையே, நானும் வருகிறேன் என்றேன். அதற்கில்லை என்றாள். இருவரும் தெருமுனை திரும்புகிற வரை வாசலில் நின்றேன்.

ஒரு மணிக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள். பேத்தி உள்ளே வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். அழுத முகம் இல்லை. மகள் உறையைப் பீரோவில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆயிற்றா என்று கேட்டேன். ஆயிற்று என்றாள். பிள்ளை எப்படி இருந்தாள் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்தா. பேரு கேட்டாங்க, சொன்னா. படிக்கச் சொன்னாங்க, படிச்சா."

"பெறகு எப்படிக் குடுத்தாங்க?"

"மதுரை டாக்டர் சீட்டைக் காமிச்சேன். வீட்ல என்னென்ன கஷ்டம்னு வரிசையாச் சொன்னேன். உக்காந்து கேட்டாரு. கேட்டுட்டு எழுதிட்டாரு."

அவ்வளவுதானா என்றேன்.

"அவ்வளவுதான்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போனாள்.

முதல் முகாமில் மகள் வாயைத் திறந்தபோது நான் பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இரண்டாவது தடவை பையில் இருந்த தாளை எடுத்து நீட்டியிருந்தாலும் முடிந்திருக்கும். முடிந்திருக்காமலும் இருக்கலாம். டாக்டருக்கு டாக்டர் மாறுகிறது, நாளுக்கு நாள் மாறுகிறது. உட்கார்ந்து கேட்கிறவர் அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்திருப்பாரா என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. பேத்திக்கு இப்போது பதினான்கு வயது. இதை எத்தனையோ தடவை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடைதான் வருகிறது.